ஸ்டார் பையன் முறுக்கிக்கினு இருக்கான், வேற டீமுக்கு மாத்தி விட்டுடலாமா?

கேள்வி:

கோச் சார் வணக்கம். ராணிப்பேட்டை பக்கத்துல ஒரு கூடைப்பந்து கிளப்புக்கு நான் செயலாளர். எங்க டீம்ல 22 வயசுப் பையன் ஒருத்தன், ஆறடி மூணு அங்குலம், டீம் எடுக்கற பாயின்ட்ல பாதி அவன் கையாலதான் வருது. ரெண்டு வருஷம் கேப்டனா இருந்தான், இந்த வருஷம் எல்லாருக்கும் சான்ஸ் குடுக்கணும்னு வேற பையனைப் போட்டோம். ஸ்டார் பையனுக்கு சிப்காட்ல வேலை, டிசம்பர்ல இருந்து செகண்ட் ஷிப்ட். அவனும் வரட்டும்னுதான் பிப்ரவரில இருந்து ப்ராக்டிஸை காலைல அஞ்சரைக்கு மாத்தினோம். ஆனா நாலு மாசமாவே அவன் சரியில்ல, லேட்டா வரான், யார்கிட்டயும் பேசறதில்ல. போன மாசம் திருவண்ணாமலைல செமி ஃபைனல், டைம் அவுட்ல கூட தலைல துண்டைப் போட்டுக்கினு பெஞ்சோட ஓரத்துல தனியா உக்காந்துட்டான். கடைசி நிமிஷத்துல ஃபவுலுக்குக் குடுக்கற ரெண்டு ஃப்ரீ த்ரோ, ரெண்டும் ரிங்குக்கே சரியா எட்டல, ஒரு பாயின்ட்ல தோத்தோம். ஜெர்சியைக் கழட்டி பெஞ்சு மேல வீசிட்டு "நான் வேற டீம் பாத்துக்கறேன்"னு போய்ட்டான், ராத்திரி ஸ்டேட்டஸும் போட்டுட்டான். வேணும்னே விட்டான்னு கமிட்டில பேசறாங்க. இப்போ வேலூர் கிளப் ஒண்ணு அவனைக் கேக்குது, பதிலுக்கு ரெண்டு பசங்களைத் தரோம்ங்கறாங்க, ஒருத்தன் பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தற பாயின்ட் கார்டு, ஒருத்தன் ரிங்குக்குக் கிட்ட நின்னு ஆடற ஆறடி நாலு சென்டர். கமிட்டில பாதிப் பேரு அனுப்பிடுங்கறாங்க, பாதிப் பேரு வேற கிளப்புக்குப் போக நாம குடுக்கற அனுமதி லெட்டரைக் குடுக்காத, ஒரு வருஷம் சும்மா உக்காரட்டும்ங்கறாங்க. மே மாசம் எங்க ஊர்லயே மின்னொளிப் போட்டி வேற இருக்கு. அமெரிக்காவோட என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்ல எல்லாம் இப்படி மூஞ்சியத் தூக்கற ஸ்டாரை வேற டீமுக்கு ட்ரேட் பண்ணிடறாங்களே, நாங்களும் பண்ணா என்ன சார்?

பதில்:

தம்பி, உங்க லெட்டரை மூணு வாட்டி படிச்சேன். கமிட்டில பாதிப் பேரு என்ன சொல்றாங்கன்னு இருக்கு, மீதிப் பாதி என்ன சொல்றாங்கன்னு இருக்கு, வேலூர் கிளப் என்ன தரேன்னு சொல்லுதுன்னு இருக்கு, ஆனா அந்தப் பையன் ஏன் இப்படி இருக்கான்னு அவன் வாயால சொன்ன ஒரு வரி கூட அதுல இல்ல. நாலு மாசமா ஒருத்தன் சரியில்லன்னு எல்லாருக்கும் தெரியுது, யாரும் போய் "என்னடா ஆச்சு"ன்னு கேக்கலன்னுதான் எனக்குத் தோணுது. அதனால என் பதிலை மொதல்லயே சொல்லிடறேன், இப்போதைக்கு மாத்தியும் விடாதீங்க, லெட்டரைப் புடிச்சி வச்சும் அவனை உக்கார வைக்காதீங்க, மொதல்ல போய் பேசுங்க. அது என்ன பெரிய ஆலோசனைன்னு உங்களுக்குத் தோணலாம், ஆனா 26 வருஷமா இந்த வேலூர் ஜில்லால பசங்களுக்கு பந்து சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன், நல்ல டீம் உடைஞ்சதுல பாதி இந்த ஒரு பேச்சு நடக்காததாலதான்.

நீங்க போற போக்குல எழுதின ஒரு விஷயம் என்னை அப்படியே புடிச்சி நிறுத்திடுச்சி. ரெண்டு ஃப்ரீ த்ரோவும் ரிங்குக்கு எட்டலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை கமிட்டில இருக்கறவங்க வேணும்னே விட்டான்னு படிக்கறாங்க, நான் வேற மாதிரி படிக்கறேன். ஃப்ரீ த்ரோ லைன் போர்டுல இருந்து 15 அடி, அந்தத் தூரத்துல அவன் ஆயிரக்கணக்குல போட்டிருப்பான். நான் பாத்த வரைக்கும் பதட்டத்துல விடறவன் பந்தை பெரும்பாலும் ரைட்டுலயோ லெஃப்ட்டுலயோ விடுவான், இல்லன்னா வேகமாப் போயி பின் ரிங்குல மோதும். பந்து ஷார்ட்டா போயி முன் ரிங்குல பட்டு விழுந்திச்சின்னா எந்த கோச்சும் மொதல்ல கையைப் பாக்க மாட்டான், காலைப் பாப்பான். ஷாட்டுக்கு தூக்கற பலம் தொடையில இருந்துதான் வருது, கால் செத்துப் போச்சின்னா கை எவ்ளோ சுத்தமா இருந்தாலும் பந்து எட்டாது. வேணும்னே விடறவன் ரெண்டையும் ஒரே மாதிரி ஷார்ட்டா விட்டு ஊரு பாக்க அசிங்கப்பட மாட்டான் தம்பி.

இப்போ இன்னும் ரெண்டு வரியைப் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க. செகண்ட் ஷிப்ட், அஞ்சரை மணி ப்ராக்டிஸ். ஷிப்ட் முடிய ராத்திரி பத்து பத்தரை ஆகும், கம்பெனி பஸ்ஸோ பைக்கோ புடிச்சி வீட்டுக்கு வரச்சொல்ல பதினொண்ணேகால், குளிச்சி சாப்ட்டு படுக்கச்சொல்ல பன்னெண்டேகால் பன்னெண்டரை, உடனே எவனுக்கும் தூக்கம் வராது, கொஞ்ச நேரம் போனைப் பாப்பான், ஒரு மணின்னு வச்சிக்கோங்க. அஞ்சரைக்கு ஷூ போட்டுக்கினு கோர்ட்ல நிக்கணும்னா நாலே முக்காலுக்கு எழுந்திருக்கணும். மூணே முக்கால் மணி நேரம், மிஞ்சிப் போனா நாலு மணி நேரத் தூக்கம், இது ஒரு நாள் இல்ல, பிப்ரவரில இருந்து தினமும். நீங்க நல்ல மனசோடதான் மாத்தினீங்க, அவனும் வரட்டும்னு நெனச்சித்தான் மாத்தினீங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா சாயங்காலம் ப்ராக்டிஸ் இருந்தப்போ அவனால வர முடியாமப் போச்சின்னா, இப்போ வந்து உடம்பு கெட்டுக்கினு இருக்கு.

2011ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில 11 காலேஜ் கூடைப்பந்து ப்ளேயர்ஸை வச்சி ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அஞ்சுல இருந்து ஏழு வாரம் தெனமும் 10 மணி நேரம் படுக்கைல இருங்கன்னாங்க, வேற எந்த புது ட்ரெய்னிங்கும் இல்ல. ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் ஏறிச்சி, மூணு பாயின்ட் ஷாட்டும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறிச்சி, ஓட்டமும் வேகமாச்சி, மனசும் நல்லா இருக்குன்னு அவங்களே சொன்னாங்க. தூக்கம் கூடினா இவ்ளோ கூடுதுன்னா, பாதியாக் கொறைஞ்சா என்ன ஆகும்னு நீங்களே நெனச்சிப் பாருங்க. எரிச்சல், யார்கிட்டயும் பேசாம ஒதுங்கறது, தலைல துண்டைப் போட்டுக்கினு கண்ணை மூடிக்கறது எல்லாம் திமிராவும் இருக்கலாம், தூங்காதவன் செய்றதாவும் இருக்கலாம், வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வேணும்னே பண்றான்ங்கற பேச்சு ஒரு டீமுக்குள்ள வந்துச்சின்னா அது என்ன பண்ணும்னு ஹக்கீம் ஒலாஜுவான் கதைல பாருங்க. நைஜீரியாவுல பொறந்தவர், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் டீமோட சென்டர். 1992ல தொடை தசைல அடின்னு சொன்னாரு, டீம் மேனேஜ்மென்ட் நம்பல, நடிக்கறாருன்னு சொல்லி சஸ்பெண்ட் பண்ணாங்க. அவரு கொதிச்சிப் போய் என்னை ட்ரேட் பண்ணிடுங்கன்னு நின்னாரு, அன்னிக்கு ஹூஸ்டன்ல இவரை வித்துடுங்கன்னு சொன்னவங்க நெறைய பேரு. அந்த சீசன் நடுவுலயே கோச் மாறினாரு, ரூடி டோம்ஜானோவிச் வந்தாரு. அடுத்த சீசன் மொத மேட்ச் ஜப்பான்ல, அங்க போற நீளமான ஃப்ளைட்ல ஓனரும் ஹக்கீமும் பக்கத்துல உக்காந்து பேசி, மனசுல இருந்ததை எல்லாம் கொட்டி சமாதானம் ஆனாங்க. அதுக்கப்புறம் 1994ல கப், 1995ல கப், 1993-94 சீசன்ல லீக்கோட சிறந்த ப்ளேயர், சிறந்த டிஃபெண்டர், ஃபைனல்ஸோட சிறந்த ப்ளேயர் மூணும் அவரே. எந்த டீம் நடிக்கறான்னு சொல்லிச்சோ அதே டீமுக்குத்தான் அவ்ளோவும் பண்ணாரு. கோபம் இருந்தவரைக்கும் அந்த ரெண்டு பேரையும் ஒரு எடத்துல உக்கார வச்சிப் பேச விட ஆள் இல்ல, ஃப்ளைட்ல எழுந்து போக எடம் இல்லாததால உக்காந்தாங்க, அவ்ளோதான்.

இன்னொண்ணு கேப்டன் விஷயம். எல்லாருக்கும் சான்ஸ் குடுக்கறது நல்லதுதான், ஆனா அவன்கிட்ட அதை யார் சொன்னாங்க, எங்க வச்சி சொன்னாங்க? வாட்ஸ்அப் குரூப்ல புது கேப்டனுக்கு வாழ்த்துகள்னு மெசேஜ் போட்டு, அதைப் பாத்துத்தான் அவனுக்கே தெரிஞ்சிருந்தா, அந்த நாள்ல இருந்துதான் உங்க நாலு மாசக் கணக்கு ஆரம்பிக்குதான்னு போய் தேதி பாருங்க. நம்ம பக்கம் கிளப்ல பசங்களுக்கு சம்பளம் இல்ல, ஷூ கூட சில எடத்துல அவனவன் காசு. பஸ் செலவும் பிரியாணியும்தான் குடுக்கறோம். அப்படி இருக்கச்சொல்ல கேப்டன்ங்கற பேருதான் அவனுக்குக் கெடைக்கற ஒரே சம்பளம், அதைக் கைல இருந்து எடுக்கறோம்னா எதிர்ல உக்கார வச்சி தோள்ல கை போட்டு சொல்லிட்டு எடுக்கணும்.

சரி, உங்க ட்ரேட் கேள்விக்கு வரேன். என்.பி.ஏ.வைப் பாத்து நாமளும் பண்ணலாமேன்னு கேட்டீங்க. அங்க ப்ளேயருக்கும் டீமுக்கும் நடுவுல வருஷக்கணக்கு ஒப்பந்தம் இருக்கு, கோடிக்கணக்குல சம்பளம் இருக்கு, ட்ரேட் பண்ணா அந்த ஒப்பந்தமே அடுத்த டீமுக்குப் போவும், அவன் போயே ஆகணும், போகலன்னா சம்பளம் போச்சி. ப்ளேயருக்கு பதிலா வருங்கால ட்ராஃப்ட் பிக்குன்னு ஒண்ணு தரலாம், அதாவது வரப் போற வருஷங்கள்ல புதுசா வர பசங்களைத் தேர்ந்தெடுக்கற உரிமை. 2019ல பால் ஜார்ஜ்ங்கற ஸ்டார் ஓக்லஹோமா சிட்டி டீமை விட்டுப் போகணும்னாரு, அந்த டீம் அவரை அனுப்பிட்டு அஞ்சு முதல் ரவுண்ட் பிக்கும், ஒரே ஒரு சீசன் ஆடி முடிச்சிருந்த ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர்ங்கற பையனையும் வாங்கிச்சி, 2025ல அந்தப் பையன்தான் லீக்கோட சிறந்த ப்ளேயர், அந்த வருஷம் கப்பும் அவங்களுக்குத்தான். ஆனா அதுக்கு ஆறு வருஷம் பொறுத்துக்கினு இருந்தாங்க, நடுவுல ரெண்டு சீசன் அடிமட்டத்துல கெடந்தாங்க. உங்ககிட்ட அந்த ஒப்பந்தமும் இல்ல, ட்ராஃப்ட்டும் இல்ல, ஆறு வருஷமும் இல்ல, இருக்கறது மே மாசப் போட்டியும் பன்னெண்டு பசங்களும்.

அதுக்கும் மேல ஒண்ணு கேக்கறேன், வேலூர்ல இருந்து வரப்போற அந்த ரெண்டு பசங்களையும் யாராவது கேட்டாங்களா? ஒரு பையன் மனசு சரியில்லன்னு அனுப்பி, வர மனசே இல்லாத ரெண்டு பேரை வாங்கிக்கினு வந்தீங்கன்னா உங்க ப்ரச்சன ஒண்ணுல இருந்து ரெண்டாகும். 2004 டிசம்பர்ல டொரான்டோ டீம்ல வின்ஸ் கார்ட்டர் இப்படித்தான் இருக்க மாட்டேன்னு நின்னாரு, அவரை நியூ ஜெர்சிக்கு அனுப்பிட்டு மூணு ப்ளேயர்ஸும் ரெண்டு பிக்கும் வாங்கினாங்க. அந்த மூணுல பெரிய பேரு அலான்சோ மோர்னிங், அவரு டொரான்டோவுக்கு ஆட வரவே இல்ல, கடைசில காசு குடுத்து ஒப்பந்தத்தை முடிச்சி விட்டுட்டாங்க. சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் கையில இருந்தும் அங்கயே அப்படி ஆச்சி. நம்ம ஊர்ல அந்தப் பையன் சத்துவாச்சாரிலயோ காட்பாடிலயோ இருந்து தெனம் காலைல அஞ்சரைக்கு ராணிப்பேட்டை வரணும், இருவது கிலோமீட்டர் இருட்டுல பைக் ஓட்டிக்கினு வருவானா, எத்தினி நாள் வருவான்? பாயின்ட் கார்டு காலேஜ் கடைசி வருஷமா இருந்தா பரீட்சை முடிஞ்சி எங்க போவான்னும் விசாரிங்க. இந்த ஆறடி நாலைத் தரேன்னு ஒரு கிளப் முன்வருதுன்னா அவன் முட்டி எப்படி இருக்குன்னும் சேத்து விசாரிங்க, உயரமான நல்ல பையனை யாரும் சும்மா தர மாட்டாங்க.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. எல்லா ஸ்டாரையும் பேசி நிறுத்திட முடியாது, நிறுத்தவும் கூடாது. கரீம் அப்துல்-ஜப்பார் மில்வாக்கி டீமுக்கு 1971ல கப் வாங்கிக் குடுத்தவர், மூணு வாட்டி லீக்கோட சிறந்த ப்ளேயரா வந்தவர், 1974ல மேனேஜ்மென்ட்கிட்ட போய் எனக்கு இந்த ஊர் ஒத்து வரல, நியூயார்க்கோ லாஸ் ஏஞ்சலஸோ அனுப்பிடுங்கன்னு கேட்டாரு. டீம் மேல கோபம் இல்ல, கோச் மேல கோபம் இல்ல, நியூயார்க்ல பொறந்து வளந்த மனுஷன், அவர் வாழ்க்கைக்கு அந்த ஊர் சரிப்படல. மில்வாக்கி 1975ல லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமுக்கு அனுப்பிட்டு நாலு ப்ளேயர்ஸை வாங்கிச்சி, அதுல பிரையன் வின்டர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மேன் ரெண்டு பேரோட ஜெர்சி நம்பரையும் பின்னாடி அந்த டீம் வேற யாருக்கும் தராம மரியாதை பண்ணி மேல தொங்க விட்டாங்க. 80கள்ல நல்ல டீமாவும் இருந்தாங்க. ஆனா அடுத்த கப் வர 2021 ஆச்சி, 50 வருஷம். கரீம் லேக்கர்ஸுக்கு அஞ்சு கப் வாங்கிக் குடுத்தாரு. அதுக்காக மில்வாக்கி தப்பு பண்ணிச்சின்னு நான் சொல்ல மாட்டேன், ஊரே ஒத்து வராதவரை எத்தினி நாள் கட்டி வைக்க முடியும்? ஸ்டார் போனா வர நட்டத்துக்கு ஈடுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது, அதைத் தெரிஞ்சிக்கினுதான் அனுப்பணும்னு சொல்றேன்.

இப்போ உங்க கமிட்டில ரெண்டாவது பாதி சொல்றதைப் பத்தி எழுதணும், இதை எழுதறது எனக்குக் கஷ்டம். லெட்டர் குடுக்காத, ஒரு வருஷம் உக்காரட்டும். 2008ல நான் ஒரு கிளப்புக்கு கோச், குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருந்தான், இடது கைக்காரன், ரிங்குக்குக் கிட்ட ஓடிப் போய் லேஅப் போடறச்சொல்ல எந்தப் பக்கம் போவான்னு எனக்கே தெரியாது, அப்படி ஒரு ஃபுட்வொர்க். வேற கிளப்புக்குப் போறேன், லெட்டர் குடுங்கன்னு வந்தான். கமிட்டில முடியாதுன்னாங்க, நானும் முடியாதுன்னேன், வளத்து விட்டவங்களை விட்டுட்டுப் போறான் பாருன்னு எனக்கு அப்படி ஒரு கோபம். ஒரு வருஷம் உக்காந்தான், அதுக்கப்புறம் கோர்ட் பக்கமே வரல. பத்து வருஷம் கழிச்சி காட்பாடி ஸ்டேஷன் ப்ளாட்ஃபார்ம்ல பாத்தேன், சின்னப் பொண்ணு ஒண்ணைத் தோள்ல தூக்கிக்கினு நின்னான், என்னைப் பாத்து அவனாத்தான் வந்து பேசினான், மரியாதையா, சிரிச்சிக்கினு. நடுவுல சொன்னான், அந்த கிளப்ல காலேஜ் ஃபீஸ் கட்டறேன்னாங்க சார், அதுக்குத்தான் கேட்டேன், நீங்க ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், கமிட்டி முன்னாடி சொல்ல கூச்சமா இருந்துச்சின்னான். எனக்குப் பதில் வரல. ட்ரெயின் வந்துச்சி, ஏறிப் போய்ட்டான். அந்தப் பொண்ணு ஜன்னல்ல கை ஆட்டிச்சி, நான் அங்கயே நின்னுக்கினு இருந்தேன்.

அதனாலதான் தம்பி, நீங்க போய் பேசணும், நீங்க மட்டும் போகணும். கமிட்டி ஆபீஸுக்கு வரச் சொல்லாதீங்க, நாலு சேரைப் போட்டு எதிர்ல ஒரு சேரைப் போட்டா அது விசாரணை ஆயிடும், பையன் வாயைத் தொறக்க மாட்டான். கோர்ட்ல வேணாம், மத்த பசங்க பாப்பாங்க. வீட்லயும் வேணாம், அம்மா முன்னாடி அவன் "ஒண்ணும் இல்லைங்க"ன்னுதான் சொல்லுவான். அவனுக்கு வார லீவு என்னிக்குன்னு கேட்டு வையுங்க, அன்னிக்கு நல்லாத் தூங்கி எழுந்த பிறகு, பத்து பதினோரு மணிக்கு மேல, வாலாஜா பக்கம் எங்கயாவது டீக்கடைல உக்காருங்க. ஜெர்சியைப் பத்தி மொதல்ல எடுக்காதீங்க, ஸ்டேட்டஸைப் பத்தி எடுக்காதீங்க, வேலூர் கிளப் கேட்டதையும் எடுக்காதீங்க. "நாலு மாசமா நீ சரியில்ல, நான் முன்னாடியே கேட்டிருக்கணும், கேக்கல, இப்போ சொல்லு"ன்னுட்டு வாயை மூடிக்கோங்க. மொத ஒரு நிமிஷம் அவன் டம்ளரைச் சுத்திக்கினு இருப்பான், அந்த ஒரு நிமிஷத்துல நீங்க பேசிடாதீங்க, செயலாளருங்க எல்லாரும் தப்பு பண்றது அங்கதான்.

அவன் தூக்கத்தையோ ஷிப்ட்டையோ சொன்னான்னா சந்தோஷப்படுங்க, இது தீரக்கூடிய விஷயம். மொத்த டீமோட நேரத்தையும் மாத்தத் தேவையில்ல, ஜெனரல் ஷிப்ட் போற மத்த பசங்களுக்கு அஞ்சரைதான் தோது. இவன் செகண்ட் ஷிப்ட்ல இருக்கற வரைக்கும் புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் மட்டும் டீமோட வரட்டும், முன்னாடியே பேசி வச்சி ஆடற செட் ப்ளே முழுசையும் ஞாயித்துக்கிழமை வச்சிக்கோங்க. மத்த நாள்ல எட்டு எட்டரைக்கு எழுந்து வந்து, நிழல் விழற பக்கத்து ரிங்குல முக்கால் மணி நேரம் தனியா ஷூட்டிங், சின்னப் பசங்கள்ல ஒருத்தன் பந்து பொறுக்கிப் போடட்டும், அந்தச் சின்னவனுக்கும் அது பெரிய பாடம். நம்ம வெயிலுக்கு ஒம்போதரைக்கு மேல கோர்ட்ல யாரையும் நிக்க விடாதீங்க, சிமென்ட் கோர்ட் கால் வழியா சுடும். மே மாசத்துக்கு மட்டும் ஷிப்ட் மாத்தித் தர முடியுமான்னு கம்பெனி ஹெச்.ஆர்.கிட்ட கிளப் லெட்டர்ஹெட்ல ஒரு கடுதாசி குடுங்க, நீங்க நேர்ல போய் குடுங்க, பல பேரு மாத்தித் தராங்க, கேக்கறதுக்குத்தான் ஆளு இல்ல. இந்த விஷயத்தை மத்த பதினோரு பசங்ககிட்டயும் வெளிப்படையா சொல்லிடுங்க, இல்லன்னா இவனுக்கு மட்டும் என்ன தனி சலுகைன்னு அடுத்த புகைச்சல் கெளம்பும்.

கேப்டன் விஷயம்தான் வலின்னா, திருப்பிக் குடுக்காதீங்க, புதுப் பையனுக்கு அது அவமானம். சொன்ன விதம் தப்புன்னு ஒத்துக்கோங்க, அது போதும் பெரும்பாலும்.

அவன் வாயில வேலை, எதிர்காலம்னு வந்துச்சின்னா அது வேற கதை. 22 வயசு, ஆறடி மூணு, சென்னைல ரயில்வே, இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., இன்கம் டாக்ஸ் மாதிரி டீமுக்கெல்லாம் ஸ்போர்ட்ஸ் கோட்டால ஆள் எடுக்கறாங்க, அதுக்கு நல்ல டீம்ல ஆடி ஜில்லா டீமுக்கும் ஸ்டேட் டீமுக்கும் கண்ணுல படணும், வயசு போய்க்கினே இருக்கு. வேலூர் கிளப் அதுக்கு வழின்னு அவன் நெனச்சான்னா லெட்டரைக் குடுத்துடுங்க, பதிலுக்கு யாரையும் கேக்காதீங்க. ஒரு பையனோட சர்க்கார் வேலைக்கு நடுவுல ரெண்டு பசங்களைப் பேரம் பேசின கிளப்னு பேரு வந்துச்சின்னா, அடுத்து எந்த அப்பா தன் பையனை உங்க கோர்ட்டுக்கு அனுப்புவாரு? மே போட்டி ஆடிட்டுப் போன்னு கேளுங்க, ஆடுவான். சொந்த ஊரு ஜனம் முன்னாடி மாலை போட்டு அனுப்புங்க.

ஒரு பையன் கூட சண்டை, இல்ல உங்க கோச் கூட ஒத்துவரலன்னு சொன்னான்னா, அதுதான் இருக்கறதுலயே கஷ்டம், அவசரமா தீர்ப்பு சொல்லிடாதீங்க, மத்தவங்களையும் தனியா கேளுங்க. லேக்கர்ஸ் ஸ்டார் கோபி பிரையன்ட் 2007ல என்னை ட்ரேட் பண்ணுங்கன்னு ஊர் அறிய ரேடியோல சொன்னாரு, சுத்தி இருக்கற டீம் பலமில்லன்னு அவருக்கு ஆத்திரம். லேக்கர்ஸ் அவரை அனுப்பல, 2008 பிப்ரவரில பாவ் கசோல்ங்கற நல்ல ப்ளேயரை இட்டுக்கினு வந்தாங்க, அந்த வருஷம் ஃபைனல் வரைக்கும் போனாங்க, 2009லயும் 2010லயும் கப். சில சமயம் ஸ்டாரோட கோபத்துல நியாயம் இருக்கும், டைம் அவுட்ல அவன் ஏன் தனியா உக்காந்தான்ங்கறதுக்கு அங்க யாராவது அவனைத் திட்டிக்கினு இருந்தாங்களான்னும் விசாரிங்க.

பையனுக்கு மட்டும் சாதகமா பேசறேன்னு நெனச்சிடாதீங்க. ஜெர்சியை வீசினது தப்பு, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. அந்த ஜெர்சில ஊரு பேரு இருக்கு, அதைப் போட்டுக்கணும்னு பத்து வயசுப் பசங்க சாயங்காலம் வந்து பந்து தட்டிக்கினு இருக்கானுங்க. 2019ல ஆன்டனி டேவிஸ்ங்கற என்.பி.ஏ. ஸ்டாரோட ஏஜென்ட் அவரு ட்ரேட் கேக்கறாருன்னு வெளிய சொன்னதுக்கே லீக் அவருக்கு 50,000 டாலர் ஃபைன் போட்டுது, போகணும்னு கேக்கறது குத்தமில்ல, ஊரைக் கூட்டிக் கேக்கறதுதான் குத்தம்னு அங்க விதியே இருக்கு. அவன் மனசு விட்டுப் பேசி முடிச்ச பிறகு, அன்னிக்கே இல்லன்னாலும் அடுத்த ஞாயித்துக்கிழமை, பசங்க எல்லாரும் வட்டமா உக்காந்திருக்கச்சொல்ல, ஜெர்சி விஷயத்துக்கு அவன் வாயாலயே ஒரு சாரி சொல்லணும்னு கேளுங்க. நல்லாத் தூங்கினவன் சொல்லுவான். சொல்ல மாட்டேன்னு நின்னான்னா, அப்போ எனக்கு மறுபடி எழுதுங்க, அது வேற பையன், அதுக்கு வேற பதில்.

அவன் இருந்தாலும் போனாலும் உங்க டீமுக்கு ஒரு நோய் இருக்கு, பாதி பாயின்ட் ஒருத்தன் கையில. அவனுக்குப் பந்தைக் குடுத்துட்டு மத்த நாலு பேரும் நின்னு வேடிக்கை பாக்கறாங்கன்னு உங்க மேட்சைப் பாக்காமயே என்னால சொல்ல முடியும். அதுவும் அவனைச் சோர வைக்குது, ரெண்டு பேரு வந்து மேல விழுவாங்க, அடியும் அவனுக்கு, கடைசி ஷாட்டும் அவனுக்கு, விட்டா பழியும் அவனுக்கு. ப்ராக்டிஸ்ல பத்து நிமிஷம் ஒரு விதி வைங்க, அஞ்சு பேர் கையும் பந்தைத் தொட்டாத்தான் ஷாட். மொத வாரம் கண்றாவியா இருக்கும், மூணாவது வாரம் யாரு யாருக்கெல்லாம் ஷாட் இருக்குன்னு உங்களுக்கே தெரிய வரும். அவன் எதிராளியை மறிச்சி நின்னு ரெண்டு ஸ்கிரீன் வச்சிக் குடுத்து மத்தவன் பாயின்ட் எடுக்கறதைப் பாத்தான்னா அவனுக்கே பாரம் கொறையும்.

வேலூர் கிளப்காரங்களுக்கு இப்போதைக்கு மே முடியட்டும் பேசலாம்னு மட்டும் சொல்லி வையுங்க, கமிட்டில இருக்கறவங்ககிட்ட அவன் வேணும்னே விட்டான்ங்கற பேச்சை இன்னியோட நிறுத்தச் சொல்லுங்க, அது அவன் காதுக்குப் போயிருந்தா நீங்க டீக்கடைல உக்காந்ததும் மொதல்ல அதுக்குத்தான் பதில் சொல்ல வேண்டி வரும். பேசிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்க. ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை நான் ஆற்காடு வர வேலை இருக்கு, அப்படியே உங்க கோர்ட்டுக்கு வரேன், அவன் ஃப்ரீ த்ரோவைக் கொஞ்சம் பக்கத்துல நின்னு பாக்கணும், தூங்கி எழுந்து வந்து போடறச்சொல்ல.